ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அனுப்பாத பள்ளி

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பற்றி எழுதுகிறேன். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை, ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி. என் மகள் 2018இல் அங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்து 2025இல் பிளஸ் டூ முடித்தாள். மகன் இப்போது அங்கேயே ஒன்பதாவது படிக்கிறான். பள்ளியின் பெயரைப் போடவில்லை. நல்லதோடு குறைகளையும் சொல்லப்போகிறேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் அரசு ஊழியர்கள், நான் எழுதியதால் யாருக்கும் மெமோ வர வேண்டாம். வேறு பக்கம் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்காவது இது உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். சேர்ப்பதென்றால் ஆறாம் வகுப்பிலேயே சேருங்கள், எட்டு முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் பேச்சு எப்போதும் ரிசல்ட்டில்தான் தொடங்கும். மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் மெயின் ரோடு முழுக்கத் தனியார் பள்ளிகளின் பேனர்தான். நூறு சதவீதத் தேர்ச்சி, சென்டம் எடுத்த பிள்ளைகளின் போட்டோ, தாளாளரின் போட்டோ. 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி மாநில அளவில் 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகளை மட்டும் தனியாக எடுத்தால் 91.94. எங்கள் பள்ளி நூறு சதவீதம் காட்டி நான் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொண்டு, "அங்க போட்டா பசங்க கெட்டுப் போயிடுவாங்க" என்று உள்ளே கால் வைக்காதவர்கள்கூடச் சொல்லிவிடுகிறார்கள்.

பேனரைப் பார்த்து மயங்கும் பெற்றோர்களிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். "உங்க ஸ்கூல்ல ஒன்பதாவதுல எத்தன பேர் இருந்தாங்க? அதுல எத்தன பேர் இங்கேருந்தே பத்தாவது எழுதினாங்க?" இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பள்ளி நல்ல பள்ளி. மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

என் மகள் பத்தாவது போன ஜூன் மாதம் அவள் வகுப்பில் புது முகங்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். ஒரு பையனின் அம்மா என்னோடு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரே தையல் யூனிட்டில் வேலை பார்ப்பவர். அவன் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே மெட்ரிக் பள்ளி. ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்ததும் அந்த அக்காவைக் கூப்பிட்டு, "பாஸ் போட்டுக் குடுத்துடறோம்மா, டி.சி. மட்டும் வாங்கிக்குங்க" என்றிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக ஃபீஸ் கட்டிய பள்ளி. ஊர் முழுக்க அலைந்து, எங்கேயும் இடமில்லை என்று சொல்லிக் கடைசியில் இங்கே வந்தார். எங்கள் ஹெச்.எம். அவன் மார்க் ஷீட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அவனிடம் "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று கேட்டாராம். அந்த அக்கா இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அவனுக்குக் கணக்கு வரவே வராது. கணக்கு சார் மாலை ஸ்பெஷல் கிளாஸில் அவனையும் அவனைப் போல வந்தவர்களையும் முன் பெஞ்சில் உட்கார வைத்து வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பித்தார். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியல் ஒரு எட்டு மார்க், வரைபடம் ஒரு எட்டு மார்க். "இந்தப் பதினாறும் உன் கையில இருக்குடா, ஸ்கேலும் காம்பஸும் எடு" என்று தினமும் ஒரு படம் போட வைத்தார். பிறகு சின்னக் கணக்குகள். பாஸ் மார்க் 35. அந்தப் பையன் தேறினான். கிண்டி அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு இப்போது வேலைக்குப் போகிறான்.

அவனோடு வந்தவர்களில் ஒரு பெண் அந்த முறை தேறவில்லை. அவளால் பள்ளியின் சதவீதம் இறங்கியது. இறங்கலாம் என்று தெரிந்தேதான் அவளைச் சேர்த்தார்கள். ரிசல்ட் குறைந்தால் ஹெச்.எம். மேலிடத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து பலவீனமான பிள்ளையைத் தட்டிக்கழிக்காத பள்ளி என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பள்ளிக்கு முதல் மார்க். தேறாத அந்தப் பெண்ணையும் விட்டுவிடவில்லை. வகுப்பு டீச்சர் அவள் வீட்டுக்குப் போய், துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வைத்து, எழுத வைத்தார். மறுபடி வந்து அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தாள்.

வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கே நிறைய. கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் எங்கும் இருக்கின்றன. என் மகன் பெஞ்சில் ஒடிசாப் பையன் ஒருவன். ஆறாவதில் வந்து சேர்ந்தபோது அவனுக்கு 'அ' எழுதத் தெரியாது. தமிழ் மிஸ் அவனுக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். மகனுக்கு அவனைப் படிக்க வைக்கும் பொறுப்பு. இங்கே பத்தாம் வகுப்பில் முதல் பாடம் தமிழ்தான், அதை எழுதித்தான் ஆக வேண்டும். இப்போது அவன் திருக்குறள் ஒப்பிக்கிறான், என் மகனுக்கு ஒடியாவில் நூறு வரை எண்ணத் தெரிகிறது. போன வருடம் அவன் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பப் பார்த்தபோது, "பையன் பத்தாவது முடிக்கட்டும்" என்று ஹெச்.எம். பேசிப்பார்த்தார். அம்மாவும் பையனும் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஆசிரியர்களைப் பற்றி ஒரே வார்த்தையில் நல்லவர்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பெரும்பாலோர் மிக நல்லவர்கள். ஒருவர் பிள்ளைகளை அவர்கள் குடியிருக்கும் இடத்தைச் சொல்லிக் குத்திப் பேசுவார். அவர் வகுப்புக்கு என் மகள் வயிற்றுவலியோடுதான் போவாள். அடித்தால் காயத்தைக் காட்டலாம், பேச்சுக்கு எதைக் காட்டுவது? நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து போய் ஹெச்.எம்.மிடம் சொன்னோம். அவர் கூப்பிட்டுக் கண்டித்தார், கொஞ்ச நாள் அடங்கியது, திரும்பவும் வந்தது. அந்த விஷயத்தில் பள்ளி இன்னும் கடுமையாக நடந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

காலிப் பணியிடம் அடுத்த பெரிய குறை. மகள் காமர்ஸ் குரூப். அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது கணக்குப்பதிவியல் டீச்சர் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அவர் போனதைத் தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு ஆள் வர மாதக்கணக்கில் ஆனது. இடையில் பொருளியல் சார் தெரிந்த அளவுக்குப் பேரேடும் இருப்பாய்வும் போட்டுக் காட்டினார். பிறகு பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். தற்காலிக முதுகலை ஆசிரியருக்கு மாதம் 18,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் அந்தப் பெண் மறைமலைநகரிலிருந்து மின்சார ரயில் பிடித்து வந்து பாடம் நடத்தினார், சனிக்கிழமையும் வந்தார். மகள் கணக்குப்பதிவியலில் நல்ல மார்க் எடுத்ததற்கு அவர்தான் காரணம். அடுத்த வருடம் அவர் இல்லை. நிரந்தர ஆள் வந்ததும் அனுப்பிவிட்டார்கள். நல்லபடியாக நன்றி சொல்ல எங்களுக்கு நேரம்கூட இருக்கவில்லை.

ஓவிய ஆசிரியர் கதையும் அதே மாதிரி. 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். படிப்படியாக ஏறி 2024இல் 12,500 ஆனது. வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை என்பது கணக்கு. எங்கள் ஓவிய சார் கலைத் திருவிழா வந்துவிட்டால் இருட்டும் வரை பிள்ளைகளோடு இருப்பார். என் மகன் பள்ளிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாமல் போவதற்கு அவர்தான் காரணம். இவர்களைப் பணிநிரந்தரம் செய்ய வேண்டும் என்று பெற்றோர்களாகிய நாங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். பிள்ளை பிடித்துப்போய்ப் படிக்கும் ஒரே பாடத்தை நடத்துபவர் அரைச் சம்பளத்தில் நிற்பது சரியில்லை.

நிரந்தர ஆசிரியர்களுக்கு எமிஸ் என்ற மாணவர் தகவல் பதிவு வேலை. பிள்ளைகளின் வருகை, உயரம், எடை, திட்டங்களின் விவரம் எல்லாம் போனில் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காமல் வராந்தாவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் டீச்சரை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பீரியடில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். இதற்கென்று ஒரு எழுத்தரைப் போட்டால் பாடம் நடத்துபவர் பாடம் நடத்துவார்.

மகளிடம் "உன் ஸ்கூல்ல எது நல்லா இருந்துச்சு?" என்று இதை எழுதுவதற்காகக் கேட்டேன். நூலகம் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் நூலகம் என்று தனி அறை கிடையாது. இரண்டு பீரோ, அதற்குச் சாவி தமிழ் மிஸ்ஸிடம். ஆனால் கேட்டால் உடனே திறந்துகொடுப்பாராம், வீட்டுக்கு எடுத்துப்போக விடுவாராம். வேறு சில பள்ளிகளில் புத்தகம் தொலைந்துவிடும் என்று பூட்டியே வைத்திருப்பதாக அவள் தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். எது பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு யோசிக்கவே இல்லை. "பாத்ரூம்."

பாத்ரூம் பற்றி நானே நிறையச் சொல்ல வேண்டும். கட்டடம் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, சுத்தம் செய்ய ஆள் ஒழுங்காக வருவதில்லை. துப்புரவுப் பணியாளருக்குக் கொடுப்பது மிகக் குறைந்த சம்பளம், அதுவும் மாதாமாதம் சரியாகக் கைக்குப் போவதில்லை. அவர் வராவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விளைவு என்ன? பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். என் மகள் ஏழு வருடமும் தண்ணீர் பாட்டிலை நிரப்பியபடியே திருப்பிக்கொண்டுவருவாள். பிளஸ் டூவில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தாள். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் பள்ளியிலேயே கொடுக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் பயன்படுத்தியதை எரிக்கும் இயந்திரம் ரிப்பேராகியே கிடந்தது. நாப்கின் கொடுப்பதோடு கடமை முடியாது. மாற்றுவதற்குக் கதவும் தாழ்ப்பாளும் தொட்டியும் வேண்டும். போன வருடம் தாழ்ப்பாள் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். மெஷின் விஷயம் இன்னும் பாக்கி. பெண் பிள்ளையைச் சேர்க்கப்போகும் அம்மாக்கள் ஹெச்.எம். அறைக்குப் போகும் முன்பு பெண்கள் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும், எவ்வளவு ஃபீஸ் வாங்கும் பள்ளியாக இருந்தாலும்.

மகனுக்குப் பள்ளியில் பிடித்தது சாப்பாடு. சத்துணவில் தினமும் முட்டை. கலவை சாதம் வந்த பிறகு சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கொண்டைக்கடலை புலாவ் போடும் நாளில் நான் கட்டிக்கொடுக்கும் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சமைக்கும் அம்மா பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போடுவார். சத்துணவுத் திட்டம் எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கியது, 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார்கள். அதற்குப் பிறகு வகுப்பு ஏறவே இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. பதினாறு வயதில்தான் அகோரப் பசி. எங்களை மாதிரி காலை ஷிப்டுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் பாதிப் பேர் பன்னும் டீயும்தான். மாலை ஸ்பெஷல் கிளாஸ் வேறு. இதை அரசாங்கம் யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கு வெளியே ஒரு தொல்லை உண்டு. உதட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது. அதையும் மீறி விற்றார்கள். பி.டி. சார் ஒரு பையனின் பையில் கண்டுபிடித்தபோது அவனைப் பள்ளியை விட்டு அனுப்பவில்லை. எங்கே வாங்கினாய் என்று கேட்டு, பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். அந்தக் கடை இப்போது அங்கே இல்லை. வேறு எங்கோ விற்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். பிள்ளைகள் வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்பது எனக்குத் தைரியம்.

ஆங்கில வழியா தமிழ் வழியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தப் பள்ளியில் இரண்டும் உண்டு. ஆங்கில வழிப் பிரிவிலும் டீச்சர்கள் விளக்குவது தமிழில்தான். புத்தகமும் தேர்வும் மட்டும் ஆங்கிலம். மகளைத் தமிழ் வழியில் போட்டோம். பாடம் புரிந்து படித்தாள், யாரும் டியூஷன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அரசு வேலைத் தேர்வுகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருப்பதும் மனதில் இருந்தது. ஆனால் இப்போது பி.காம். முதல் வருடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது, முதல் செமஸ்டரில் மிகவும் திணறினாள். 'தேய்மானம்' என்றால் முழுப் பாடமும் தெரியும், ஆங்கிலப் பெயரைக் கேட்டால் முழிப்பாள். ஒரு செமஸ்டர் ஓடியதும் பிடித்துக்கொண்டாள். பிளஸ் டூவிலேயே பாடச் சொற்களை இரண்டு மொழியிலும் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் இந்தத் திணறல் பாதியாகக் குறைந்திருக்கும். இதைப் பள்ளியில் சொன்னேன். இந்த வருடம் காமர்ஸ் வகுப்பில் அப்படி எழுதுகிறார்களாம்.

மடிக்கணினி என்று கேட்டு வருபவர்களுக்கு: 2011இல் தொடங்கிய அந்தத் திட்டம் மகள் படித்த காலத்தில் நின்றுபோயிருந்தது, அவளுக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை. பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுத்தார்கள். சீருடையோடு ஏறினால் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. ஹைடெக் லேப் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை உள்ளே விடுகிறார்கள் என்பது அந்தந்த ஆசிரியரைப் பொறுத்தது. நீட் பயிற்சி எடுத்தவர்கள் அதைப் பற்றி நன்றாகத்தான் சொல்கிறார்கள். என் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாததால் எனக்கு அதில் கருத்து இல்லை.

ஆறாம் வகுப்பிலேயே சேருங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2022இல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்டிலிருந்து. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, மறுவருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை, ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியாரில் எட்டு வரை படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கும், சில திட்டங்களில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வழி உண்டு. ஃபீஸ் கட்டித் தனியாரில் எட்டு முடித்துவிட்டு வந்தவர்களுக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான். அப்பா கம்பெனி மூடியதும் ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் இங்கே சேர்ந்தாள். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து என் மகளைவிட நன்றாகப் படித்தாள். பொறியியல் கலந்தாய்வில் அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இல்லை. அவளைவிட மார்க் குறைந்த வகுப்புத் தோழிக்கு அந்த ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் செலவில்லாமல் இடம் கிடைத்தது. இவள் கடன் வாங்கிப் படிக்கிறாள். தோழிக்குக் கிடைத்தது நியாயமானதுதான், அவள் அப்பா கொத்தனார் வேலை செய்பவர். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் குடும்பம் நொடித்துப்போய் வரும் பிள்ளைக்கும் ஏதாவது செய்திருக்கலாம். விதி மாறும் வரை, இரண்டு மனதாக இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்பு முடியும்போதே போட்டுவிடுங்கள்.

என் மகளுக்கு மாதாமாதம் அந்த 1,000 ரூபாய் வருகிறது. காலேஜுக்குப் போகும் ரயில் சீசன் டிக்கெட்டும் ஜெராக்ஸ் செலவும் அதில் முடிந்துவிடும். என்னிடம் கை நீட்டாமல் அவளே பார்த்துக்கொள்கிறாள். அவள் அப்பாவுக்கு ஒரு முறை சட்டை எடுத்துக்கொடுத்தாள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். ஃபீஸ் என்று பயப்படும்படி எதுவும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று சேர்க்கையின்போது கேட்பார்கள். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இரவுக் காவலாளிக்கும் பகுதிநேர ஆட்களுக்கும் அதிலிருந்துதான் போகிறது. ரசீது கேட்டு வாங்குங்கள். முடியாதவர்கள் முடியாது என்று சொல்லலாம், அதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. பிரச்சினை வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள், அவர்களும் பேசலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? நான் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போகிறேன். பல முறை எங்களில் நாலைந்து பேர்தான் இருப்போம், மினிட்ஸ் நோட்டு மட்டும் வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போகும். அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். வந்து உட்காருங்கள். தாழ்ப்பாள் போட்டதும், மழைக்காலத்தில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு வடிகால் வெட்டியதும் அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மாநகராட்சிக் கவுன்சிலரை உட்கார வைத்துக் கேட்டதால்தான் நடந்தது. வடிகால் வெட்டும் முன்பு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ்த்தள வகுப்பறைகளில் பெஞ்ச் மிதந்தது. இப்போது தண்ணீர் ஒரே நாளில் வடிகிறது.

இன்னொரு விஷயம் பிளஸ் ஒன் பற்றி. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், அதனால் அந்த வருடப் பாடத்தை எந்தப் பள்ளியும் தாண்டிப் போக முடியவில்லை. இப்போது 2025-26இலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலேயே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்தார்கள். கல்லூரிக்குப் போனபிறகு அடிப்படை தெரியாமல் தடுமாறியவர்கள் ஏராளம். எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை முழுக்க நடத்துவோம் என்று ஹெச்.எம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். மகன் பிளஸ் ஒன் போகும்போது நான் அவன் நோட்டைத் திறந்து பார்ப்பேன்.

சேர்க்கை ஏப்ரல், மே மாதங்களிலேயே தொடங்கிவிடும். டி.சி., பிள்ளையின் ஆதார், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், போட்டோ, பழைய பள்ளியிலிருந்து எமிஸ் எண் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் விண்ணப்பித்த சீட்டைக் காட்டினாலும் இங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். தனியார் பள்ளி ஃபீஸ் பாக்கிக்காக டி.சி. கொடுக்காமல் இழுத்தடித்தால் அதற்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். நேராக வந்து ஹெச்.எம்.மைப் பாருங்கள். காலை பிரேயர் முடிந்து பத்து மணிக்கு மேல் போனால் நின்று பேசுவார்.